தலைக்குச் சரியாக உட்காரும் ஹெல்மெட்: நீலகிரியிலிருந்து டிராக் டே போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை என் பழைய ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொண்டு மலையிறங்கி, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய்வருகிறேன். ஓரிரு முறை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரையும் போயிருக்கிறேன். டிராக் டே என்பது போட்டி அல்ல. பரிசு கிடையாது. சொந்தக் காரை, எதிரே வண்டி வராத மூடிய தடத்தில், மேற்பார்வையோடு வேகமாக ஓட்டிப் பழகும் நாள், அவ்வளவுதான்.

என்னோடு வர விரும்பும் குன்னூர், கூடலூர், ஊட்டி நண்பர்கள் டயரைப் பற்றி ஒரு மாதம் முன்பே கேட்கிறார்கள். பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வாரம் முன்பு கேட்கிறார்கள். ஹெல்மெட்டைப் பற்றிப் புறப்படுவதற்கு முந்தைய இரவுதான் கேட்கிறார்கள். அந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காருக்குள்தானே உட்கார்ந்திருக்கிறோம், ஹெல்மெட் எதற்கு?

கார் திடீரென நின்றாலும் சுழன்றாலும், சீட் பெல்ட் உங்கள் மார்பையும் இடுப்பையும்தான் பிடித்துக்கொள்ளும். தலை பிடிப்பில்லாமல் ஆடும். பக்கக் கண்ணாடி, கதவுத் தூண், கூரையின் ஓரம் ஆகிய மூன்றும் ஒரு சாணுக்கும் இரண்டு சாணுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

பீட் ஸ்னெல் என்ற அமெரிக்கர் நம்மைப் போலப் பொழுதுபோக்குக்காகப் பந்தயம் ஓட்டியவர். 1956இல் அவருடைய கார் கவிழ்ந்தபோது தலையில் ஹெல்மெட் இருந்தது. அந்தக் காலத்தில் நல்லது என்று நம்பப்பட்ட ஹெல்மெட்தான். ஆனாலும் அது அவரைக் காப்பாற்றவில்லை. அடுத்த ஆண்டே அவருடைய நண்பர்கள் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஹெல்மெட்களைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். இன்று ஹெல்மெட்டின் உள்ளே ‘ஸ்னெல்’ என்று ஒட்டியிருக்கும் சிறிய முத்திரை அங்கிருந்து வந்ததுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம், அமெச்சூர் ஓட்டுநர் ஒருவரின் மரணத்திலிருந்து பிறந்த முத்திரை இது என்று நினைத்துக்கொள்கிறேன்.

தலையின் அளவை எப்படி எடுப்பது?

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். அதில் சென்டிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள். புருவத்துக்கு மேலே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, காதுகளுக்குச் சற்று மேலே கொண்டுபோய், பின்மண்டை எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அதன்மேல் சுற்றிக் கொண்டுவாருங்கள். மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 57, 58 என்றால் எம், 59, 60 என்றால் எல். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். அவரவர் அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: குல்லாவைக் கழற்றிவிட்டு அளவெடுங்கள். சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றலாம். மார்கழி மாதம், உறைபனி விழுந்த காலையில், கம்பளிக் குல்லாவோடு அளந்து ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்ட இருவரை எனக்குத் தெரியும். குல்லாவோடு கச்சிதமாக இருந்த ஹெல்மெட், செட்டிபாளையத்து வெயிலில் குல்லா இல்லாமல் போடும்போது தலையில் நிற்பதில்லை. ஹெல்மெட்டுக்கு அடியில் அணியும் மெல்லிய முகமூடித் துணி உங்களிடம் இருந்தால், அதை மட்டும் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டைப் பொருத்திப் பாருங்கள்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனாலும் நெற்றி வலிக்கிறதே?

அளவு சுற்றளவைத்தான் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. ஒரே 58 சென்டிமீட்டரில் ஒருவருக்குத் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், இன்னொருவருக்குத் தேங்காய் போல உருண்டையாக இருக்கும். நீண்ட தலைக்காரர் உருண்டைக் கூட்டை மாட்டினால் நெற்றியும் பின்மண்டையும் அழுந்தும், நெற்றிப்பொட்டுப் பக்கம் காலியாக ஆடும். உருண்டைத் தலைக்காரர் நீண்ட கூட்டை மாட்டினால் பொட்டு இரண்டும் இறுகிப்போகும்.

உங்கள் வடிவம் எது என்று தெரிந்துகொள்ள, தலையை நனைத்து முடியை அழுத்தி வாரிக்கொண்டு, வீட்டில் ஒருவரை நாற்காலிமேல் ஏறி மேலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். பார்த்தவுடன் புரிந்துவிடும். அராய், பெல், ஸ்டிலோ என்று எந்த நிறுவனமாக இருந்தாலும் ஒவ்வொன்றின் உள்வடிவமும் வேறு. நண்பருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணாதீர்கள்.

வடிவம் தவறாக இருந்தால் அடுத்த பெரிய அளவுக்குப் போவது தீர்வாகாது. வலி நிற்கும், ஆனால் ஆட்டம் தொடங்கும். வேறு மாடலுக்குப் போங்கள்.

போட்டுப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் பொறுமை வேண்டும். சென்ற ஆண்டு என் அக்கா மகளுக்கு ஹெல்மெட் வாங்கக் கோவைக்குப் போனோம். அவள் கல்லூரி முடித்துவிட்டு முதல் முறையாகத் தடத்துக்கு வருகிறாள். நடந்ததை அப்படியே சொல்கிறேன், அதுவே முறையும்கூட.

தாடை வார்களை இரண்டு கைகளாலும் வெளிப்பக்கமாக இழுத்து, ஹெல்மெட்டின் வாயை அகலமாக்கிக்கொண்டு மாட்டச் சொன்னேன். காது இரண்டும் மடங்கின. உள்ளே விரலை விட்டுச் சரிசெய்துகொண்டாள். “மாமா, கன்னம் நசுங்குகிறது” என்றாள். கண்ணாடியைக் காட்டினேன். கன்னங்கள் மேலே ஏறி, வாய் சற்றுக் குவிந்து, கைக்குழந்தை முகம் போல ஆகியிருந்தது. “அப்படித்தான் இருக்க வேண்டும். வலிக்கிறதா, நசுங்குகிறதா, யோசித்துச் சொல்” என்றேன். சற்று யோசித்து, “நசுங்கத்தான் செய்கிறது” என்றாள். இந்த வித்தியாசத்தை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். முகம் முழுவதும் சமமாக அழுத்தினால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் குத்தினால் கெட்டது.

பிறகு அவளைத் தலையை அசைக்காமல் நிற்கச் சொல்லி, ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்து இடம் வலமாகத் திருப்பினேன். புருவத்தின் தோலும் கன்னத்தின் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்தே நகர்ந்தன. தோல் அப்படியே நிற்க, ஹெல்மெட் மட்டும் வழுக்கித் திரும்பினால் அது பெரிது. நெற்றிக்கும் உள்மெத்தைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. உச்சந்தலையில் மெத்தை தொடுகிறதா என்று கேட்டேன், தொடுகிறது என்றாள்.

அடுத்தது முக்கியமான சோதனை. தாடை வாரை இரண்டு டி வளையங்களிலும் கோத்து இறுக்கிக் கட்டினோம். பின்னால் நின்று, ஹெல்மெட்டின் பின் அடிவிளிம்பில் விரல்களைக் கோத்து, மேலாகவும் முன்னாகவும் நன்றாக இழுத்தேன். கழன்று வரக் கூடாது, கண்ணை மறைக்கவும் கூடாது. முதல் ஹெல்மெட் இந்த இடத்தில் தோற்றது. அவ்வளவு இறுக்கமாகத் தோன்றியதுகூடப் பின்மண்டையைத் தாண்டி உருண்டு வந்துவிட்டது. அதே அளவில் வேறொரு மாடல் அசையவே இல்லை.

கடைசியாக, அதைப் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் பொறுமையானவர், தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். கழற்றியதும் நெற்றியைப் பார்த்தேன். நெற்றி முழுவதும் லேசான சிவப்பு ஓடியிருந்தது, ஓரிடத்தில் மட்டும் அடர்ந்த வட்டமாக எதுவும் இல்லை. அதையே வாங்கினோம்.

கடை ஊட்டியில் இருந்து, காலையில் போனீர்கள் என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சில ஹெல்மெட்களின் உள்மெத்தை குளிரில் விறைத்திருக்கும். ஐந்து நிமிடம் தலைச்சூடு பட்ட பிறகே அதன் உண்மையான பிடி தெரியும்.

“போகப்போக இளகிவிடும்” என்கிறார்களே?

உள்ளே இரண்டு அடுக்கு இருக்கிறது. தோலைத் தொடும் மெத்தை கொஞ்சம் படியும், அதனால்தான் புதிதில் இறுக்கமாக எடுக்கச் சொல்கிறோம். அதற்கு அடுத்து இருக்கும் தெர்மாகோல் போன்ற கெட்டியான அடுக்கு இளகாது. நெற்றி எலும்பை அது குத்தினால் பத்து ஆண்டு ஆனாலும் குத்திக்கொண்டுதான் இருக்கும்.

“ஒரு அளவு பெரிதாக எடுங்கள், வசதியாக இருக்கும்” என்று கடையில் சொன்னார்கள். எடுக்கலாமா?

எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். என் முதல் ஹெல்மெட் அது. போட்டால் தலையணை போல இதமாக இருந்தது. தடத்தில் மூன்றாவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை முழுமையாக மிதித்தேன். கார் வேகம் குறைந்தது. ஹெல்மெட் குறையாத வேகத்தில் முன்னே வந்தது. நெற்றி மெத்தை புருவத்தைத் தாண்டி இறங்கி, பார்வையில் மேல்பாதியை மூடிவிட்டது. தெரிந்ததெல்லாம் ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும்தான். வளைவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இடது கையால் ஹெல்மெட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஓட்டி, புல்தரையில் இறங்கி நின்றேன். காருக்கும் எனக்கும் எதுவும் ஆகவில்லை. கை நடுக்கம் அடங்கத்தான் நேரமாயிற்று.

மோதல் நடந்திருந்தால் இன்னும் மோசம். தளர்ந்த ஹெல்மெட் அடி விழும் நொடியில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. உள்ளே இருக்கும் இடைவெளியில் தலை தனியாக ஒரு வேகம் எடுத்துப் போய் மோதும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த இடைவெளியை விலை நிரப்பாது.

பைக்குக்கு வாங்கிய ஐஎஸ்ஐ ஹெல்மெட்டையே போட்டுக்கொள்ளலாமா?

முதலில் அமைப்பாளரைக் கேளுங்கள். சிலர் அனுமதிக்கிறார்கள், சிலர் ஸ்னெல் எஸ்ஏ முத்திரைதான் வேண்டும் என்கிறார்கள்.

வேறுபாடு இதுதான். நம் நாட்டில் 2021 ஜூன் 1 முதல் இருசக்கர வாகன ஹெல்மெட்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதற்கான தர எண் ஐஎஸ் 4151. அது சாலையில் விழும் பைக் ஓட்டிக்காக எழுதப்பட்டது. கார் பந்தயத்துக்கான எஸ்ஏ தரத்தில் இரண்டு விஷயங்கள் கூடுதலாகச் சோதிக்கப்படுகின்றன: உள்துணி தீயைத் தாங்க வேண்டும், காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டில் மோதினால் தாங்க வேண்டும். ஸ்னெல்லின் பைக் தரமான எம் முத்திரையிலும் இந்த இரண்டும் கிடையாது. எஸ்ஏ தரம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. 2015, 2020, 2025 என்று முத்திரையிலேயே ஆண்டு இருக்கும். பழைய ஆண்டு முத்திரையை மலிவாகக் கொடுத்தால், அமைப்பாளர் அதை இன்னும் ஏற்கிறாரா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஏர்பேக் உள்ள சாதாரணக் காரில், முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு, அமைப்பாளர் சம்மதித்தால், தலையில் அசையாமல் உட்காரும் ஐஎஸ்ஐ முழுமுக ஹெல்மெட், தலையில் ஆடும் எஸ்ஏ ஹெல்மெட்டைவிட மேல். தொடர்ந்து போகப்போகிறீர்கள் என்றால் எஸ்ஏ வாங்கிவிடுங்கள். காரில் கூண்டு பொருத்திவிட்டால் வேறு பேச்சே இல்லை, எஸ்ஏ மட்டும்தான்.

சாலையோரத்தில் குவித்து விற்கும் ஹெல்மெட்களில் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் மட்டும் இருக்கும், தரம் இருக்காது. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

முழுமுகமா, திறந்த முகமா?

முழுமுகம். தாடையும் பற்களும் உங்களுடையவைதானே.

மூக்குக் கண்ணாடி போடுகிறேன். நீளமான முடி வேறு.

கண்ணாடியை, ஹெல்மெட் மாட்டிய பிறகு வைசரைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். காம்பு நேராக, மெல்லியதாக இருக்கும் சட்டம் நல்லது. காதுக்குப் பின்னால் வளைந்து பிடிக்கும் காம்பு உள்ளே நுழையாது. கடைக்குப் போகும்போதே அந்தக் கண்ணாடியை எடுத்துப்போங்கள்.

முடியை உச்சியில் கொண்டையாகப் போட்டால் ஹெல்மெட் கொண்டைமேல்தான் உட்காரும், தலைமேல் உட்காராது. பிடரியில் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, சட்டைக்குள் விட்டுக்கொள்வது சரி. ஊசி, கிளிப் எதுவும் வேண்டாம். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். எண்ணெய் உள்துணியில் ஊறி, பிடிப்பு குறைந்து, பிறகு நாற்றமும் பிடிக்கும்.

ஹெல்மெட் போட்டால் கூரை இடிக்கிறதே?

உயரமானவர்களுக்கு இது பெரிய சிக்கல், சன்ரூஃப் உள்ள கார்களில் இன்னும் அதிகம். வாங்குவதற்கு முன்பே யாரிடமாவது ஒரு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, பெல்ட்டையும் போட்டு உங்கள் காரில் உட்கார்ந்து பாருங்கள். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கைமுஷ்டி நுழைந்தால் நிம்மதி. இடித்தால் சீட்டைக் கீழே இறக்குங்கள், சாய்மானத்தை ஒரு பல் மட்டும் பின்னால் தள்ளுங்கள். கழுத்தைக் குனிந்துகொண்டு ஓட்டவே கூடாது.

கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் கருவி வேண்டுமா?

மூன்று புள்ளி சீட் பெல்ட் உள்ள சாதாரணக் காரில் அதைப் பயன்படுத்த முடியாது. தோள் இரண்டின் மேலும் இறங்கும் பந்தயப் பெல்ட் அதற்கு வேண்டும். அந்தப் பெல்ட்டுக்கு ஏற்ற சீட்டும் கூண்டும் வேண்டும். பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது ஆபத்தான அரைகுறை வேலை. கம்பெனி கொடுத்த பெல்ட்டோடும் ஏர்பேக்கோடும் ஓட்டுங்கள். எஸ்ஏ 2015 முதல் வந்த ஹெல்மெட்களில் ஹான்ஸ் மாட்டுவதற்கான திருகு இடம் ஏற்கெனவே இருக்கிறது. நாளைக்கு வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளலாம்.

மலையில் இருந்துகொண்டு எங்கே வாங்குவது? ஆன்லைனில் வாங்கலாமா?

ஊட்டியிலும் குன்னூரிலும் கிடைப்பவை பைக் ஹெல்மெட்கள். எஸ்ஏ முத்திரை வேண்டுமென்றால் கோவை, சென்னை, பெங்களூரு என்று இறங்க வேண்டியிருக்கும், அல்லது வரவழைக்க வேண்டும். வரவழைத்தால், அளவு பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் உறுதி செய்யுங்கள். வந்ததும் ஸ்டிக்கர், நெகிழித் தாள் எதையும் பிரிக்காமல் வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் சமையலறையில் நின்றே செய்யலாம். டிராக் டேவுக்கு ஒரு மாதம் முன்பே செய்யுங்கள், மாற்றி வாங்க நாள் இருக்கும்.

போகும் வழியில் மலைப்பாதையில் போட்டுக்கொண்டு ஓட்டிப் பழகலாமா?

வேண்டாம். பக்கப் பார்வை குறையும், வளைவுக்கு அப்பால் பஸ் அடிக்கும் ஹாரன் மழுங்கிக் கேட்கும். குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் மேலே ஏறி வருகிறவருக்கு வழிவிட்டு நிதானமாக இறங்குவதற்கானவை. வேகத்தின் ஆசை முழுவதையும் மூட்டை கட்டிச் செட்டிபாளையத்துக்குக் கொண்டுபோங்கள். பழக வேண்டுமென்றால், வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

இது நம் மலையின் தனிக் கவலை. ஊட்டிப் பக்கம் ஆடி மழையிலும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி மழையிலும் அலமாரியில் வைத்த தோல் செருப்பே பச்சையாகிவிடும். ஹெல்மெட்டின் உள்துணி எம்மாத்திரம்? தடத்திலிருந்து வந்த அன்றே கழற்றக்கூடிய மெத்தைகளைக் கழற்றி, குழந்தைக்கு உபயோகிக்கும் ஷாம்பூவில் மெதுவாக அலசி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு துணிப்பையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நெகிழிப் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணத்தை வளர்ப்பதாக ஆகும். சீக்கிரம் காயட்டும் என்று கணப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள்.

நாற்றம் போக நீலகிரித் தைலம் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். தடவவே கூடாது. டிவி வாங்கியபோது வந்த தெர்மாகோல் துண்டு இருந்தால், வெட்டவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் அதன்மேல் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பாருங்கள். நான் விட்டுப் பார்த்தேன். சொட்டு விழுந்த இடம் சத்தமில்லாமல் உள்வாங்கி, கட்டைவிரல் நுழையும் குழியாகிவிட்டது. ஹெல்மெட்டின் உள்ளே இருப்பதும் அதே இனப் பொருள்தான். பெட்ரோல், தின்னர், ஸ்பிரே பெயிண்ட், ஸ்டிக்கர் பசையைக் கரைக்கப் பயன்படும் நீலகிரித் தைலம் ஆகிய எல்லாமே அதற்குப் பகை. மேலே பூசினாலும் ஓரங்கள் வழியாக இறங்கும், இறங்கியது வெளியே தெரியாது.

கீழே விழுந்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

தெர்மாகோல் போன்ற அந்த உள் அடுக்கு ஒரு முறைதான் நசுங்கும். நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. தலை உள்ளே இருக்கும்போது அடிபட்டிருந்தால் மறு யோசனை இல்லாமல் மாற்றிவிடுங்கள். மேசையிலிருந்து வெறும் ஹெல்மெட் உருண்டு விழுந்தது என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. விரிசல் தெரிந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ தயாரிப்பாளரிடம் கேளுங்கள். எதுவும் நடக்காவிட்டாலும் சுமார் ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது ஸ்னெல். பிறர் பயன்படுத்திய ஹெல்மெட்டை விலைக்கு வாங்காதீர்கள், அது எத்தனை முறை எங்கே விழுந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

மலையிறங்கும்போது டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர் பெட்டியோடு போட்டுவிடாதீர்கள். வளைவுக்கு வளைவு அது உருண்டு மோதும் சத்தம் கேட்கும். நான் பின் சீட்டில் வைத்து, குழந்தையைக் கட்டுவது போல பெல்ட் போட்டுவிடுகிறேன்.

ஒரு நாள் முயன்று பார்க்கத்தான் வருகிறேன். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம், பல இடங்களில் இரவல் கொடுக்கிறார்கள். உள்ளே போட்டுக்கொள்ள ஒரு பருத்தி முகமூடித் துணி மட்டும் கொண்டுவாருங்கள். சீக்கிரம் வந்துவிடுங்கள், எம் அளவும் எல் அளவும் முதலில் தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பது பெரிதாக இருந்தால், துணியைத் திணித்து இறுக்கிச் சமாளிக்காதீர்கள். அமைப்பாளரிடம் சொல்லி, முதல் குழு ஓட்டி முடித்து இறங்கும்வரை காத்திருங்கள். அவர்களில் யாராவது உங்கள் தலை அளவில் இருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். இருபது நிமிடம் தாமதமாகும். அந்த நேரத்தில் தடத்தின் ஓரம் நின்று, எந்த வளைவில் யார் எங்கே பிரேக் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருங்கள்.